திருப்பி அனுப்பாத கதவு: விண்வெளியில் ஒரு புகலிட நாட்டுக்கான சட்டம் (ஆஸ்கார்டியாவை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு)

1967 ஜனவரி 27 அன்று விண்வெளி ஒப்பந்தம் நாடுகளின் கையெழுத்துக்குத் திறந்துவைக்கப்பட்டது. நான்கு நாள் கழித்து, ஜனவரி 31 அன்று, அகதிகளின் நிலை பற்றிய நெறிமுறை நியூயார்க்கில் கையெழுத்தானது. அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று அகதிகள் நெறிமுறையும் 10 அன்று விண்வெளி ஒப்பந்தமும் நடைமுறைக்கு வந்தன. இவ்வளவு நெருக்கமாகப் பிறந்த இரண்டு சட்டங்களும் ஒன்றையொன்று ஏறெடுத்தும் பார்க்கவில்லை. விண்வெளி ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு, தவித்து வந்து இறங்கும் விண்வெளி வீரரை அவருடைய கலத்தைப் பதிவுசெய்த நாட்டிடம் பத்திரமாகவும் விரைவாகவும் திருப்பி ஒப்படைக்கச் சொல்கிறது. அந்த நெறிமுறை விரிவாக்கிய 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின் 33ஆம் பிரிவோ, உயிருக்கும் சுதந்திரத்துக்கும் ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பவே கூடாது என்கிறது.

விண்வெளியில் அடைக்கலம் தரும் நாடு ஒன்றைக் கட்டுவோம் என்று யார் கிளம்பினாலும், இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே நின்றுதான் தன் சட்டத்தை எழுதியாக வேண்டும். அப்படி ஒரு நாட்டைக் காகிதத்தில் முழுமையாக எழுதிப் பார்த்த முயற்சி ஆஸ்கார்டியா. அதன் அரசமைப்பையும் நிர்வாக முறையையும், அடைக்கலம் தேடி வருகிறவரின் கண்ணால் படித்துப் பார்ப்பதே இந்த ஆய்வின் வேலை. ஆஸ்கார்டியா தன்னை அகதிகளின் நாடு என்று அறிவித்துக்கொள்ளவில்லை. ஆனால் தேசம், இனம், மதம், செல்வநிலை எதையும் பாராமல் எவரும் குடிமகனாகலாம் என்று வாசலைத் திறந்து வைத்தது. அந்த வாசலை நம்பி வருகிறவர்களில் முதல் ஆள், போக வேறு இடமில்லாதவராகத்தான் இருப்பார்.

நடந்தது

2016 அக்டோபர் 12 அன்று பாரிஸில் ரஷ்ய விஞ்ஞானியும் தொழிலதிபருமான இகோர் அஷுர்பெய்லி இந்த நாட்டை அறிவித்தார். இணையத்தில் விண்ணப்பிக்கலாம் என்றதும் இரண்டே நாளுக்குள் ஒரு லட்சம் பேர் பெயர் கொடுத்தார்கள். 2017 ஜூனில் உறுப்பினர்களின் வாக்கெடுப்பில் அரசமைப்புச் சட்டம் ஏற்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள வாலப்ஸ் தளத்திலிருந்து, சரக்குக் கலம் ஒன்றில் ஏறி ஆஸ்கார்டியா-1 என்ற செயற்கைக்கோள் புறப்பட்டது. எடை 3 கிலோவுக்கும் குறைவு. அதற்குள் அரசமைப்புச் சட்டம், கொடி, குடிமக்கள் அனுப்பிய குடும்பப் படங்கள் என்று 512 ஜிகாபைட் அளவுக்கான நினைவகம். 2018 ஜூனில் வியன்னாவில் நாடாளுமன்றம் முதல்முறையாகக் கூடியது, ஹோஃப்பர்க் அரண்மனையில் அஷுர்பெய்லி 'தேசத் தலைவர்' ஆகப் பதவியேற்றார். பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த லெம்பிட் ஓபிக் அவைத் தலைவரானார். 2022இல் அந்தச் செயற்கைக்கோள் சுற்றுப்பாதையிலிருந்து இறங்கி வளிமண்டலத்தில் எரிந்துபோனது. ஐ.நா. உறுப்பு நாடு எதுவும் ஆஸ்கார்டியாவை அங்கீகரிக்கவில்லை.

நாடு என்று சொல்ல எது வேண்டும்

இதில் அதிகம் தங்க வேண்டியதில்லை. 1933 மான்டெவிடியோ உடன்படிக்கை நான்கைக் கேட்கிறது: நிலையான மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு வைக்கும் தகுதி. ஆஸ்கார்டியாவிடம் மூன்றாவது மட்டும் ஓரளவுக்கு இருந்தது. நிலத்தை விண்வெளியில் தேடவும் வழியில்லை. நிலவு உள்ளிட்ட விண்வெளியின் எந்தப் பகுதியையும் எந்த நாடும் தனதாக்கிக்கொள்ள முடியாது என்று விண்வெளி ஒப்பந்தத்தின் 2ஆம் பிரிவு மூடிவிட்டது.

நாமே கட்டிய நிலையம் நிலமாகாதா? இதே கேள்வி கடலில் ஏற்கெனவே கேட்கப்பட்டிருக்கிறது. இங்கிலாந்துக் கரைக்கு அப்பால் போர்க்காலத்தில் கட்டிய கடற்கோட்டை ஒன்றை சீலண்ட் என்ற நாடாக அறிவித்திருந்தார்கள். அதன் குடியுரிமையைப் பெற்றதால் தன் ஜெர்மன் குடியுரிமை போய்விட்டது என்று ஒருவர் வாதிட, 1978இல் கொலோன் நிர்வாக நீதிமன்றம் மறுத்தது. மனிதர் கட்டிய மேடை நிலப்பரப்பு ஆகாது என்றது. அதோடு, வியாபாரத்துக்கும் பொழுதுபோக்குக்கும் சேர்ந்தவர்கள் ஒரு மக்கள் ஆகிவிட மாட்டார்கள், சேர்ந்து வாழும் சமூகம் வேண்டும் என்றும் சொன்னது.

இந்த இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பூமியில் தத்தம் வீட்டில் இருந்தபடி விண்ணப்பித்தவர்களைச் சேர்ந்து வாழும் சமூகம் என்று எந்த நீதிமன்றமும் ஏற்காது. ஆனால் ஒரு நிலையத்தில் அடைக்கலம் பெற்று, அங்கேயே பிள்ளை பெற்று, அங்கேயே சாகப்போகிறவர்களைப் பார்த்து அப்படிச் சொல்வது கடினம். உண்மையான அகதிகளை ஏற்றுக்கொள்ளும் நாள்தான் இப்படி ஒரு நாடு நாடாவதற்கு மிக நெருங்கி வரும் நாள். நிலமில்லாமலும் இறையாண்மை இருக்கலாம் என்பதற்குக் கத்தோலிக்க மத அமைப்பான மால்டா வீரர் அமைப்பு இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளோடு அதற்குத் தூதரக உறவு உண்டு, 1994 முதல் ஐ.நா.வில் பார்வையாளர் இடமும் உண்டு. அந்த மதிப்பு அதற்கு வந்தது நோயாளிகளையும் அகதிகளையும் பார்த்துக்கொண்ட பணியால்.

வாசலில் கேட்கும் கேள்விகள்

ஆஸ்கார்டியாவின் தொடக்கக் கால நிபந்தனைகள் எளியவை. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், மின்னஞ்சல் முகவரி இருக்க வேண்டும். சிறை சென்றவரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் விண்ணப்பிக்கும் நேரத்தில் அவர்மீது குற்றச்சாட்டு நிலுவையில் இருக்கக் கூடாது. பிறகு, 'குடியிருப்பாளர்' என்ற நிலைக்கு 100 யூரோ கட்டணமும் சேர்ந்தது.

சங்கத்தில் உறுப்பினராகச் சேர்வதற்கு இவை நியாயமான நிபந்தனைகள். தப்பி வருகிறவருக்கு ஒவ்வொன்றும் ஒரு சுவர். நிலுவைக் குற்றச்சாட்டு பற்றிய விதியை எடுத்துக்கொள்வோம். எதிர்ப்பாளரை ஒடுக்கும் அரசு முதலில் செய்வதே அவர்மீது வழக்குப் போடுவதுதான். தேசத்துரோகம், வதந்தி பரப்புதல், சட்டவிரோதமாக எல்லை தாண்டுதல் என்று ஏதாவது ஒன்று நிலுவையில் இருக்கும். வழக்கு முடிந்து விடுதலையானவர்தான் வரலாம் என்றால், துரத்தப்படுகிறவர் துரத்தல் முடிந்தபின் வரட்டும் என்று ஆகிவிடுகிறது.

1951 உடன்படிக்கை இதை எவ்வளவு கவனமாகக் கையாண்டிருக்கிறது என்று பாருங்கள். அதன் 1ஆம் பிரிவின் விலக்கு விதி, போர்க்குற்றம் செய்தவரையும், அடைக்கலம் தரும் நாட்டுக்கு வருமுன் வெளியே கடுமையான அரசியல் சாராத குற்றம் செய்தவரையும் வெளியே நிறுத்துகிறது. 'அரசியல் சாராத' என்ற சொல் அங்கே யோசித்து வைக்கப்பட்டது. குற்றச்சாட்டு இருக்கிறதா என்று கேட்பதோடு அது நிற்பதில்லை, செயலின் தன்மையை எடைபோடச் சொல்கிறது. 31ஆம் பிரிவோ, ஆபத்திலிருந்து நேராக வந்து, தாமதமின்றித் தன்னை அதிகாரிகளிடம் காட்டிக்கொள்ளும் அகதியை, அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்காதே என்கிறது. விண்வெளிப் புகலிட நாட்டின் சேர்க்கைச் சட்டம் இந்த இரண்டு பிரிவுகளையும் அப்படியே எடுத்து உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். வயது வரம்பு அறவே கூடாது. தனியாக வந்து நிற்கும் பிள்ளைக்கு மின்னஞ்சல் இருக்காது, காகிதமும் இருக்காது.

காகிதமில்லாதவருக்குக் காகிதம் தருவது இயலாத காரியமும் அல்ல. 1922இல் நாடற்றுப் போன ரஷ்ய அகதிகளுக்காக, நாடுகள் சங்கத்தின் அகதிகள் ஆணையர் ஃப்ரிட்யோஃப் நான்சென் உருவாக்கிய கடவுச்சீட்டை 50க்கும் மேற்பட்ட அரசுகள் மதித்தன. அதன் பின்னால் எந்த நிலப்பரப்பும் இல்லை. மதிப்போம் என்று அரசுகள் கூடி ஒப்புக்கொண்டது ஒன்றே போதுமானதாக இருந்தது. ஆஸ்கார்டியாவின் அடையாள ஆவணத்துக்குக் கிடைக்காதது அந்த ஒப்புதல்தான்.

திருப்பி ஒப்படை, திருப்பி அனுப்பாதே

இனி ஆய்வின் நடுப்பகுதிக்கு வருகிறேன். ஒருவர் ஒரு நாட்டின் கலத்திலிருந்து தப்பி, புகலிட நிலையத்தின் கதவைத் தட்டுகிறார். அவரை உள்ளே விட்டபின், அவரை ஏவிய நாடு 1968ஆம் ஆண்டின் மீட்பு உடன்படிக்கையைக் காட்டி அவரைக் கேட்கிறது. என்ன செய்வது?

மீட்பு உடன்படிக்கையின் 4ஆம் பிரிவு, விபத்து, ஆபத்து, அவசரநிலை, எண்ணாத இறக்கம் ஆகியவற்றால் வந்து சேர்ந்த கலப் பணியாளர்களை ஏவிய தரப்பின் பிரதிநிதிகளிடம் திருப்பித் தரச் சொல்கிறது. கண்டெடுக்கப்பட்ட இடம் எந்த நாட்டின் அதிகார வரம்பிலும் இல்லாததாக இருந்தாலும் இது பொருந்தும். எழுதப்பட்ட காலத்தில் இது மனிதநேய விதி. எதிரி நாட்டில் இறங்கிய வீரரை உளவாளி என்று சிறைவைத்துவிடக் கூடாது என்பதே அன்றைய கவலை. திரும்பிப்போக விரும்பாத வீரர் இருக்கலாம் என்று அந்த வாசகம் எண்ணிப் பார்க்கவில்லை.

வாசகத்துக்குள்ளேயே இரண்டு திறப்புகள் இருக்கின்றன. வேண்டுமென்றே தப்பி வந்தவர் 'எண்ணாத இறக்கம்' செய்தவர் ஆக மாட்டார். பயணியாக வந்தவரைக் 'கலப் பணியாளர்' என்று சொல்ல முடியுமா என்பதும் வாதத்துக்குரியது. ஆனால் உயிர் காக்கும் உரிமையைச் சொற்பொருள் வாதத்தின் மேல் கட்டக் கூடாது. உறுதியான தளம் வேறிடத்தில் இருக்கிறது. 1984ஆம் ஆண்டின் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின் 3ஆம் பிரிவு, சித்திரவதைக்கு ஆளாவார் என்று நம்பக் கணிசமான காரணம் உள்ள நாட்டுக்கு எவரையும் அனுப்பக் கூடாது என்கிறது. அதற்கு விதிவிலக்கு கிடையாது. புகலிட நிலையத்தின் சட்டத்தில் முதல் வரி இதுவாக இருக்க வேண்டும் என்பது என் முடிவு. வேறு எந்த உடன்படிக்கையின் கீழும் ஒருவரைத் திருப்பித் தருமுன், அவர் திரும்ப விரும்புகிறாரா என்பதைத் தனியாக, அவரை ஏவியவர்கள் இல்லாத அறையில், அவர் மொழியில் கேட்டாக வேண்டும்.

ஏவிய நாடே இல்லாமல் போனால்? இது கற்பனை அல்ல. விண்வெளி வீரர் செர்கெய் கிரிகாலெவ் 1991 மே மாதம் சோவியத் ஒன்றியத்திலிருந்து மீர் விண்வெளி நிலையத்துக்குப் போனார். அவர் மேலே இருக்கும்போதே டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. 311 நாள் கழித்து, 1992 மார்ச் 25 அன்று அவர் இறங்கிய கஜகஸ்தான் அதற்குள் தனி நாடாகியிருந்தது. ரஷ்யா பொறுப்பேற்றுக்கொண்டதால் அவருக்கு நாடு இருந்தது. எந்த நாடும் ஏற்காமல் இருந்திருந்தால் அவரை யாரிடம் ஒப்படைப்பது என்று மீட்பு உடன்படிக்கையில் ஒரு சொல்லும் இல்லை.

அடுத்தது, நிலையத்தின் சட்டத்தை யார் பெயரால் அமல்படுத்துவது? ஆஸ்கார்டியா இந்த இடத்தில்தான் நின்றுபோனது. விண்வெளி ஒப்பந்தத்தின் 8ஆம் பிரிவின்படி, கலத்தின்மீதும் அதிலுள்ள பணியாளர்கள்மீதும் அதிகாரம் பதிவு நாட்டுக்கு உரியது. 6ஆம் பிரிவின்படி, தனியார் செய்வதற்கும் ஏதாவது ஒரு நாடு அனுமதி தந்து தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். 1975ஆம் ஆண்டின் பதிவு உடன்படிக்கையோ நாடுகளுக்கும் அரசுகளுக்கிடையிலான அமைப்புகளுக்கும் மட்டுமே இடம் தருகிறது. ஆக, தன் அரசமைப்புச் சட்டத்தைச் சுமந்துசென்ற செயற்கைக்கோள்மீதே ஆஸ்கார்டியாவின் அரசமைப்புக்கு அதிகாரம் இருக்கவில்லை.

எனவே புகலிட நிலையம் ஏதோ ஒரு நாட்டின் கொடியை ஏற்றித்தான் ஆக வேண்டும். எந்தக் கொடி என்பது உயிர்ப் பிரச்சினை. கடலில் நடந்த இரண்டு வழக்குகள் இதைக் காட்டுகின்றன. ஹெய்தியிலிருந்து தப்பி வந்தவர்களை அமெரிக்கக் கடலோரக் காவல்படை நடுக்கடலில் மறித்துத் திருப்பி அனுப்பியபோது, 33ஆம் பிரிவு நாட்டின் எல்லைக்கு வெளியே பொருந்தாது என்று 1993இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எட்டு நீதிபதிகள் அதை ஆதரிக்க, பிளாக்மன் ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார். 2012இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வேறு வழியில் போனது. லிபியாவிலிருந்து படகில் வந்த சோமாலியர்களையும் எரித்ரியர்களையும் இத்தாலியக் கப்பல்கள் நடுக்கடலில் ஏற்றி, லிபியாவிலேயே கொண்டுபோய் விட்ட வழக்கு அது. கொடி யாருடையதோ அதிகாரமும் பொறுப்பும் அவர்களுடையது, ஆகவே திருப்பி அனுப்பியது தவறு என்று நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது.

விண்கலத்தின் பதிவு கப்பலின் கொடியைப் போலவே வேலை செய்கிறது. அப்படியானால் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் உள்ள ஒரு நாட்டின் பதிவில் இருக்கும் நிலையத்தில், திருப்பி அனுப்பாமை சட்டப்படி உயிரோடு இருக்கும். 1993 தீர்ப்பு நிலவும் நாட்டின் பதிவில் அது கேள்விக்குறியாகிவிடும். பல நாடுகள் சேர்ந்து கட்டினால் இன்னும் சிக்கல். சர்வதேச விண்வெளி நிலையத்துக்கான 1998ஆம் ஆண்டு உடன்படிக்கையில், ஒவ்வொரு பங்காளரும் தான் பதிவுசெய்த பகுதிமீது அதிகாரம் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு வாயிலைத் தாண்டினால் வேறொரு நாட்டின் சட்டம். இதே ஏற்பாட்டைப் புகலிட நிலையத்துக்கு எடுத்துவந்தால், தப்பி வந்தவர் எந்தக் கதவைத் தட்டினார் என்பதைப் பொறுத்து அவர் பிழைப்பதும் திரும்புவதும் அமையும். ஆகவே நிலையம் முழுவதும் ஒரே பதிவில் இருக்க வேண்டும். அது முடியாவிட்டால், அடைக்கலம் கேட்டு வருகிறவர்கள் விஷயத்தில் எல்லாப் பகுதிக்கும் ஒரே சட்டம் என்று பங்காளர்கள் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

காற்றும் இருக்கையும்

உள் நிர்வாகத்துக்கு வருவோம். ஆஸ்கார்டியாவின் அரசமைப்பில் 150 உறுப்பினர் கொண்ட நாடாளுமன்றம், அமைச்சரவை, உச்ச நீதிபதியின் கீழ் நீதித்துறை எல்லாம் இருக்கின்றன. இவற்றுக்கு மேலே தேசத் தலைவர். அவர் நாடாளுமன்றத்தைக் கலைக்கலாம், சட்டத்தைத் தடுக்கலாம், அரசு அமைப்புகளும் குடிமக்களும் பணிய வேண்டிய ஆணைகளைப் பிறப்பிக்கலாம், உச்ச நீதிபதியை முன்மொழிவதும் அவரே.

பூமியில் இப்படி அதிகாரம் குவிந்தால் மக்களுக்கு வீதி இருக்கிறது, காடு இருக்கிறது, பக்கத்து நாடு இருக்கிறது. நிலையத்தில் இவை எதுவும் இல்லை. ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 0.84 கிலோ ஆக்சிஜன் வேண்டும், அது ஓர் இயந்திரத்திலிருந்து வருகிறது. ஆணையிடுகிறவரும் அந்த இயந்திரத்தின் சாவியை வைத்திருப்பவரும் ஒருவரே என்றால் அங்கே தேர்தல் நடத்திப் பயனில்லை. எனவே உயிர்காப்புப் பொறிகளின் நிர்வாகம் அரசாங்கத்திடமிருந்து பிரிந்து, நீதித்துறைக்கு மட்டும் பதில் சொல்லும் தனி அமைப்பாக இருக்க வேண்டும். எந்தத் தண்டனையும், எந்தக் கட்டண பாக்கியும், எந்த அவசரநிலையும் ஒருவரின் காற்றையும் நீரையும் குறைக்கக் காரணமாகக் கூடாது. தீ, ஓட்டை, கசிவு நேரத்தில் நிலையத் தளபதிக்குக் கப்பல் தலைவனுக்குரிய முழு அதிகாரம் தேவைதான். அது மணிக்கணக்கில் முடிய வேண்டும், நீட்டிப்பதை அவர் தாமே செய்துகொள்ளக் கூடாது.

'இடமில்லை' என்ற சொல்லைப் பற்றியும் பேசியாக வேண்டும். 1939இல் 937 பயணிகளோடு ஹாம்பர்க்கிலிருந்து புறப்பட்ட செயின்ட் லூயிஸ் கப்பலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் யூத அகதிகள். கியூபா ஒரு சிலரைத் தவிர மற்றவர்களை இறங்கவிடவில்லை. அமெரிக்காவும் கனடாவும் ஏற்கவில்லை. ஐரோப்பாவுக்குத் திரும்பியவர்களில் 254 பேர் பிறகு நாஜிகளின் இன அழிப்பில் மாண்டார்கள். இவ்வளவு பெரிய கண்டத்தில் இடமில்லை என்பது பொய். விண்வெளியில் அது உண்மையாகவே இருக்கக்கூடும், அதனாலேயே பொய்யாகச் சொல்லவும் வசதியான காரணம் அது. சர்வதேச நிலையத்தில் வெகுகாலம் மூன்று பேர் மட்டும் இருந்ததற்கு முக்கியக் காரணம், அவசரத்தில் தப்பிவர நின்றிருந்த சோயுஸ் கலத்தில் மூன்றே இருக்கைகள் என்பதுதான். 2009இல் இரண்டு சோயுஸ் நிறுத்தி ஆறு பேராக்கினார்கள். இடையில், 2003இல் கொலம்பியா விண்ணோடம் அழிந்தபின் சரக்கு போய்ச்சேர வழி குறுகியதால், இரண்டு பேராகக் குறைத்தும் ஓட்டினார்கள். கொள்ளளவை உள்ளேயுள்ள இடம் மட்டும் தீர்மானிப்பதில்லை, வெளியேறும் இருக்கையும் கீழிருந்து வரும் சரக்கும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

ஆகவே அந்த எண்ணைக் கணக்கிடுவது பொறியாளர்களின் வேலையாகவும், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி வெளியிடப்படுவதாகவும் இருக்க வேண்டும். யாரை ஏற்பது என்று முடிவெடுப்பவர்கள் அந்த எண்ணைத் தொடக் கூடாது. எண் நிரம்பியபின் வந்தவரையும், வேறு பத்திரமான இடம் கிடைக்கும்வரை வைத்திருக்கும் அளவுக்கு ஒரு பங்கு எப்போதும் காலியாக ஒதுக்கப்பட வேண்டும்.

இருக்கைக்கு இன்னொரு பொருளும் உண்டு. எந்த நாட்டையும் விட்டு வெளியேறும் உரிமையை 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 13ஆம் பிரிவு தருகிறது. நிலையத்தில் அந்த உரிமை இறங்குகலத்தில் ஓர் இடம். அது தரப்படாவிட்டால் அடைக்கலம் சிறையாகிவிடும். கட்டணம் கேட்டுத் தருவதும் தராமலிருப்பதும், வெறுங்கையோடு வந்தவருக்கு ஒன்றுதான்.

அங்கே பிறக்கும் பிள்ளை

விண்வெளியில் குழந்தை பிறக்கும் நாளைத் தன் இலக்காக ஆஸ்கார்டியா வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. அந்தக் குழந்தைக்கு எந்தக் குடியுரிமை? நாடற்ற நிலையைக் குறைப்பதற்கான 1961ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 3ஆம் பிரிவு, கப்பலில் பிறந்தால் கொடி நாட்டிலும் விமானத்தில் பிறந்தால் பதிவு நாட்டிலும் பிறந்ததாகக் கொள்ளச் சொல்கிறது. விண்கலம் அதில் இல்லை. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் யூரி ககாரின் முதன்முதலாக மேலே போய்வந்தார், ஆகஸ்டில் உடன்படிக்கை முடிவானது.

பெற்றோருக்கு நாடிருந்தால் பிள்ளைக்குப் பெரும்பாலும் வழி உண்டு. நாடற்ற இருவருக்கு நிலையத்தில் பிறக்கும் பிள்ளைக்கு இன்றைய சட்டத்தில் உறுதியான எதுவும் இல்லை. உடன்படிக்கையைத் திருத்தப் பல நாடுகள் கூட வேண்டும், காலம் பிடிக்கும். பதிவு நாடு தன் குடியுரிமைச் சட்டத்தில் ஒரே ஒரு வரியைச் சேர்க்க அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை: தன் பதிவிலுள்ள விண்கலத்தில் பிறந்து, வேறு குடியுரிமை கிடைக்காத எவரும் தன் மண்ணில் பிறந்தவராகவே கொள்ளப்படுவார். நிலையத்தின் முதல் பகுதி ஏவப்படுவதற்கு முன்பே, பதிவு விண்ணப்பத்தோடு இந்த வரியும் கேட்டு வாங்கப்பட வேண்டும்.